குமரி மாவட்டத்துக்கு நாய், பூனையோடு குடி வருகிறவர்களுக்கு

மார்த்தாண்டம் பக்கம் வீடு மாறி வந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் பூனை சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் சுட்டது. இந்த ஊரில் எந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. போனில் தேடிக் கிடைத்த இரண்டு எண்களில் ஒன்றை யாரும் எடுக்கவில்லை, இன்னொன்றில் திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்கள். மருந்துக்கடையில் கேட்டேன், சின்னக் குழந்தைக்குக் கொடுப்பதில் பாதி கொடுங்கள் என்றார்கள். பாரசிட்டமால் மாத்திரையைக் கால்வாசியாக உடைத்துக் கொடுத்தேன். விடியும்போது முகம் வீங்கியிருந்தது, ஈறு பழுப்பாகிவிட்டது, மூச்சு இழுத்தது. மதியத்துக்குள் போய்விட்டாள்.

பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு கிடையாது. அதனால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். கால் மாத்திரைகூடக் கொல்லும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது இந்த விஞ்ஞானம் இல்லை, தெரிந்த டாக்டர் ஒருவரின் எண் போதும், "கொடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலை மாற்றலிலோ கல்யாணமாகியோ இந்தப் பக்கம் வருகிறவர்கள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் வாரம்: விசாரிப்பு

இங்கே கிராமத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாட்டாஸ்பத்திரி இருக்கும், பலகையில் 'கால்நடை மருந்தகம்' என்று எழுதியிருக்கும். கால்நடை பராமரிப்புத் துறையின் அமைப்பில் கீழே கிளை நிலையம், அதற்கு மேல் மருந்தகம், அதற்கு மேல் மருத்துவமனை என்று படிப்படியாக வரும். கிளை நிலையத்தில் இருப்பவர் பெரும்பாலும் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, முதலுதவி செய்வது எல்லாம் அவர் வேலை. ஊரில் அவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அனுபவம் நிறைய இருக்கும், மரியாதைக்குரியவர்தான், ஆனால் உங்கள் நாய்க்கு ஆபரேஷன் செய்யவேண்டியவர் அவர் இல்லை. மருந்தகத்தில் இருக்கும் கால்நடை உதவி மருத்துவர்தான் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் படித்தவர். 'உதவி' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பதவியின் பெயர், அவர் முழு டாக்டர்.

அரசு மருந்தகத்துக்குக் காலையிலேயே போங்கள். வெயில் ஏறிவிட்டால் டாக்டர் கன்று ஈனமுடியாமல் கிடக்கும் பசுவைப் பார்க்கத் தொழுவத்துக்குக் கிளம்பிவிடுவார், அதைத் தப்புச் சொல்லவும் முடியாது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, சின்னக் காயம், சொறி இதற்கெல்லாம் அரசு மருந்தகம் தாராளமாகப் போதும். செலவும் மிகக் குறைவு. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எலும்பு முறிவு என்றால் நாகர்கோவில் அரசு கால்நடை மருத்துவமனையையோ, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறவர்களையோ பார்க்கவேண்டும்.

யாரிடம் விசாரிப்பது? நான் முதலில் பெட் ஷாப்பில்தான் கேட்டேன். அவர்கள் தங்களிடம் நாய்க்குட்டி வாங்கியவர்களை அனுப்புகிற இடத்தைத்தான் சொல்வார்கள். அதைவிடக் காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களிடம் கேளுங்கள். கூப்பிட்டால் வருகிறவர் யார், போனை எடுக்காதவர் யார் என்று அவர்களுக்கு அத்துப்படி. அப்புறம் மாட்டுத்தீவனக் கடை. தெருநாய்களுக்குச் சோறு வைக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ எல்லா ஊரிலும் இருப்பார்கள், அவர்களைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு நேரங்கெட்ட நேரத்தில் அலைந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

டாக்டர் தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்கும்.

நோயில்லாதபோதே ஒரு தடவை போய் வாருங்கள்

இதை ரொம்பப் பேர் செய்வதில்லை. நாய் துள்ளிக் குதித்துக்கொண்டு இருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரி என்று நினைப்போம். ஆனால் அந்த முதல் தடவையில்தான் டாக்டர் உங்கள் நாயின் எடையை எழுதிவைப்பார், அதன் இயல்பான நடை, கண், ஈறு எப்படி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்வார், உங்கள் முகமும் அவருக்குப் பழகும். ராத்திரி பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கும், "சார், நான் கருங்கல் ஊர்லேருந்து பேசறேன், லாப்ரடார் வீடு" என்ற அழைப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: பழைய தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டு, மூடிபோட்ட சின்ன டப்பாவில் அன்று காலை எடுத்த மலம். தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தால் கிளினிக் தரையில் இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள். பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டி அரைமணி நேரத்துக்கு முன்பு அதே தரையில் படுத்திருந்திருக்கலாம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போவதும் வேண்டாம். கூடை இல்லையென்றால் பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டி மேலே துண்டைப் போடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பனையோலைக் கடவத்தில் வேட்டியைக் கட்டிக் கொண்டுபோவார், இருட்டாக இருப்பதால் பூனை சத்தமில்லாமல் வரும்.

அங்கே இதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பீர்களா? நீங்கள் ஊரில் இல்லையென்றால் யாரிடம் போகச் சொல்வீர்கள்? வீட்டுக்கு வருவீர்களா? குட்டிக்கு டிரிப் ஏற்றவேண்டி வந்தால் பகல் முழுக்க இங்கே வைத்திருக்க முடியுமா? பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து கைவசம் இருக்கிறதா? பூனை பார்த்துப் பழக்கமா? கடைசிக் கேள்வி முக்கியம். இந்த மாவட்டத்து டாக்டர்கள் மாடு, ஆடு, கோழி, நாய் நிறையப் பார்த்தவர்கள், பூனையைக் கொண்டுவருகிறவர்கள் குறைவு.

நான் இப்போது போகும் டாக்டரம்மாவிடம் முதல் நாள் இதையெல்லாம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒம்பது மணிக்கு மேல நான் போன் எடுக்கலன்னா எனக்காகக் காத்துட்டு இருக்காதீங்க, நேரா திருவனந்தபுரத்துக்கு வண்டிய விடுங்க" என்றார். முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்கிற டாக்டரை நம்பலாம்.

ராத்திரிக்கு எங்கே போவது

மாவட்டம் சின்னது, ஆனால் இருட்டிய பிறகு திறந்திருக்கும் விலங்கு ஆஸ்பத்திரி கிடைப்பது கஷ்டம். அதனால் பெரிய இடம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். நாகர்கோவில், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி பக்கம் இருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-ல் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி 80 கிலோமீட்டர் சொச்சம். கல்லூரி என்பதால் அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, பொதுமருத்துவம் என்று தனித்தனித் துறைகள் இருக்கும், சிக்கலான நோய்க்கு அங்கே போவதே நல்லது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான் கிட்டம். எங்கே போவதானாலும் பகலில் ஒரு தடவை போன் செய்து இரவில் ஆள் இருப்பார்களா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியைத் தெரிந்த ஒரு கார்க்காரர் எண்ணையும் வாங்கிவையுங்கள், எல்லா டிரைவரும் வாந்தியெடுக்கும் நாயை ஏற்றமாட்டார்கள்.

1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம். அது முக்கியமாக விவசாயிகளின் மாடு, ஆட்டுக்கானது. உங்களிடம் பசு இருந்தால் இந்த எண் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், நாய்க்குக் கூப்பிட்டால் பக்கத்தில் யாரிடம் போகலாம் என்றாவது கேட்டுக்கொள்ளலாம்.

மழைக்கும் சேர்த்து யோசியுங்கள். நமக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் ரோட்டில் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் ஊருக்குள்ளேயே வந்தது. வலிப்பு, இதயநோய் என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிற நாய் இருந்தால் இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தாழ்வான இடத்தில் நாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தண்ணீர் ஏறினால் அது ஓடவும் முடியாது.

தடுப்பூசி

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்ந்த முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் ஆகும்வரை பூஸ்டர். வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் டாக்டர் எழுதித் தரும் தேதிகளில். பூனைக்கும் எட்டு வாரத்திலிருந்து மூன்று நோய்க்கும் சேர்த்துப் போடும் டிரைகேட் ஊசியும் மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசியும் உண்டு. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஓட்டுவீட்டில் இருந்து பார்த்ததில்லை, ஓட்டுக்கு மேலே எந்தப் பூனை வருகிறது எது போகிறது என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊருக்கு எலிக்காய்ச்சல் ஊசி மிகவும் முக்கியம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாக வருகிற நோய் இது, தோட்டத்து ஓடையிலும் வயல் வரப்பிலும் மழைக்குத் தேங்கிய குட்டையிலும் நம் நாய்கள் குளித்துக் குடித்து வாழ்கின்றன. நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். போடும் ஊசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊசி மருந்தைக் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து அது, கரண்ட் போன கடையில் எத்தனை மணி நேரம் வெப்பத்தில் இருந்தது என்று பார்த்தால் தெரியாது. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளையொட்டி அரசு மருந்தகங்களில் இலவச முகாம் நடப்பதுண்டு, அந்த மாதம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாரையாவது நாயோ பூனையோ கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டியிருக்கும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்கவேண்டாம். ரேபிஸ் நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற வழியே கிடையாது.

குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு மேல் மாதம் ஒன்று, ஆறு மாதத்துக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒன்று. எடையைப் பார்த்துத்தான் அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணில் கவனிக்கவேண்டியவை

சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ நாய் கொண்டுவருகிறவர்களுக்கு முதல் மழையில் தெரிந்துவிடும், இங்கே ஈரம் போகவே போகாது. காது மடிந்த நாய்களுக்குக் காதில் சீழ், விரலிடுக்கில் பூஞ்சை, நீளமுடி நாய்களுக்குச் சொறி. குளிப்பாட்டுவதைவிடத் துடைத்துக் காயவைப்பதுதான் முக்கியம். உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், பல மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

பாம்பு. ரப்பர் தோட்டத்துச் சருகு, விறகுக் குவியல், வைக்கோல்போர், எல்லா இடத்திலும் கண்ணாடி விரியன் இருக்கலாம், நல்லபாம்பும் உண்டு. நாய் மூக்கை நீட்டித்தான் எதையும் விசாரிக்கும், அதனால் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். திடீரென்று முகம் வீங்கினால், ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், கண்ணிமை தொங்கி நடை தள்ளாடினால் கட்டுப் போடாமல், கீறாமல், ஐஸ் வைக்காமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும், எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. முதல் நாளே கேட்கச் சொன்னது அதனால்தான்.

வாழைத் தோட்டத்தில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தையும் எலி மருந்தையும் தின்னும் நாய்கள் உண்டு. எச்சில் ஒழுகி உடம்பு வெட்டி இழுத்தால் குருணையாக இருக்கலாம். எலி மருந்தில் ஒரு வகை தின்ற மூன்று நாளைக்குப் பிறகுதான் ரத்தக்கசிவைக் காட்டும், அதுவரை நாய் நன்றாகவே திரியும், அதற்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. எதுவானாலும் மருந்தின் கவரை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களாக உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்கவேண்டாம். ஆடும் வளர்ப்பதாக இருந்தால் பச்சை மரச்சீனி (மரவள்ளி) இலையையும் தோலையும் எட்டாத இடத்தில் போடுங்கள், அதிலிருக்கும் சயனைடு ஆட்டைச் சீக்கிரமே கொன்றுவிடும்.

மீன் மலிவான ஊர் என்பதால் சாளையும் நெத்திலியும்தான் பூனையின் சாப்பாடு என்றாகிவிடுகிறது. வேகவைத்துப் பெரிய முள்ளை எடுத்துக் கொடுங்கள், மீன் மட்டுமே கொடுத்து வளர்க்கவேண்டாம். ஆண்பூனை மண்ணில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கி மூத்திரம் வராமல் எழுந்து வந்தால் அது மலச்சிக்கல் இல்லை, மூத்திர அடைப்பு, அன்றைக்கே பார்க்கவேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டு இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெடியும் இங்கே கொஞ்சம் கூடுதல். தீபாவளி ஒரு நாள் என்றால் கோயில் கொடை, சர்ச் திருவிழா, கிறிஸ்துமஸ், புதுவருஷம் என்று வரிசையாக வரும். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண்ணை எழுதிவையுங்கள். பயத்தில் ஓடிய நாய் அடுத்த ஊரில்தான் நிற்கும்.

வீட்டில் எழுதி ஒட்டவேண்டிய தாள்

நாய் பூனை நன்றாக இருக்கும் ஒரு நாளில் அளந்து எழுதுங்கள். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நம் கணக்கில் அது காய்ச்சல், அவற்றுக்கு இல்லை. 104-ஐத் தாண்டினால் டாக்டர். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கவேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், வெளுப்போ நீலமோ பழுப்போ ஆபத்து. போனில் இதைச் சொன்னால் டாக்டர் பாதி நோயைப் பிடித்துவிடுவார், "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

தாளில் மூன்று எண்கள்: பக்கத்து டாக்டர், அவர் இல்லாதபோது பார்ப்பவர், தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. கீழே கார்க்காரர். அதற்கும் கீழே எடை, கடைசி ஊசி போட்ட தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து. பெரிய எழுத்தில் இன்னொரு வரி: மனித மாத்திரை எதுவும் கூடாது. நாய்க்கு இபுபுரூஃபனும் ஆபத்துதான். பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, தெர்மாமீட்டர், சலைன் பாட்டில், வாய் கட்ட ஒரு நாடா. வலியில் இருக்கும் நாய் உங்களையே கடிக்கும், அதன் குற்றமில்லை.

பணம். ஊசி, புழு மருந்து, கருத்தடை எல்லாம் வரும் என்று தெரிந்த செலவு, டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக் கணக்குப் போடலாம். பார்வோ, எலும்பு முறிவு போன்றவை சொல்லிக்கொண்டு வராது. மாதம் உங்களால் முடிந்ததைத் தனியாகப் போட்டுவையுங்கள். கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள், நாய்க்கு 63 நாள்தான் கர்ப்பம், ஆறு குட்டி பிறந்தபிறகு எங்கே கொடுப்பது என்று ஊரெல்லாம் கேட்டலைவது பாவம்.

ஊருக்குப் போகும்போது

யாராவது சோறு வைத்தால் போதும் என்று விட்டுப்போகாதீர்கள். சாவி கொடுத்துவிட்டுப் போகிறவரை ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய், "நான் இல்லாதப்போ இவங்க கொண்டு வருவாங்க, என்ன செய்யணுமோ செய்யுங்க, பணம் நான் அனுப்பிடறேன்" என்று அவர் முன்னாலேயே சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், விடியுமுன்னே எழுந்துவிடுவார். போகும் வழியில் எங்கள் வராந்தாவில் டார்ச் அடித்து இரண்டு பூனைகளும் இருக்கின்றனவா, நேற்று வைத்த தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவார். தாளில் அவர் எண்ணும் இருக்கிறது, அவர் போனில் டாக்டரம்மாவின் எண்ணும் இருக்கிறது.